உனக்கு இது அழகா?

மத்திய அரசில் குப்பை கொட்டிய என் வயதுக்காரர்களுக்கு ‘அன்பிகமிங்’ என்ற ஆங்கிலச் சொல்லை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1964-ஆம் வருட நடத்தை விதிகளில் மூன்றாவது விதி சொல்வது இதுதான்: நாணயமாக இரு, கடமையில் ஈடுபாட்டோடு இரு, அரசு ஊழியருக்கு ‘அன்பிகமிங்’ ஆன எதையும் செய்யாதே.

‘பிகம்’ என்றால் ‘ஆவது’ என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். ‘பொருந்துவது, எடுப்பாக இருப்பது’ என்றும் அதற்கு ஒரு பொருள் உண்டு. ஒருவருக்கு உடை எடுப்பாக அமைந்தால் ‘பிகமிங்’ என்பார்கள். ஆக, ‘அன்பிகமிங்’ என்றால் இருக்கும் இடத்துக்குப் பொருந்தாதது. நம் வீட்டுப் பெரியவர்கள் “உனக்கு இது அழகாடா?” என்பார்களே, அதேதான். பேரன் தெருவில் புரண்டு சண்டை போட்டால் அப்படிக் கேட்க மாட்டோம். தாத்தா போட்டால் கேட்போம்.

இவ்வளவு நயமான சொல்லை அலுவலகங்களில் என்ன செய்தோம்? சாம்பாருக்குப் பெருங்காயம் போல எல்லா சார்ஜ் மெமோவிலும் போட்டோம். தாமதமா? போடு. கூட்டலில் தப்பா? அதற்கும் போடு. வெறும் திறமைக் குறைவு நடத்தைக் குற்றமாகாது என்று 1979-லேயே ஜே. அகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. யார் படித்தார்கள்?

நானும் படிக்கவில்லை. ஒரு கிளார்க், மனைவி ஆஸ்பத்திரியில் இருந்த சமயம், ஒரு ஸ்டேட்மென்டை இரண்டு நாள் தாமதமாகக் கொடுத்தார். மெமோவை எழுதியவன் நான். பழைய கோப்பைப் பார்த்து மூன்று உட்பிரிவுகளையும் அப்படியே இறக்கினேன். மறுநாள் அவர் டிக்‌ஷனரியோடு வந்து நின்றார். “சார், லேட் பண்ணது நிஜம். ஆனா இதுல ‘தகாத’ன்னு போட்டிருக்கே. வீட்ல கேட்டா நான் என்ன தகாத காரியம் பண்ணேன்னு சொல்றது?”

“எல்லாருக்கும் போடறதுதான்பா” என்றேன். அதைவிட மோசமான பதிலை என் சர்வீஸில் நான் சொன்னதில்லை.

அந்த மெமோவில் பொருந்தாதது ஒன்று இருந்தது உண்மை. அது அவர் செய்ததல்ல, நான் எழுதியது. கைக்கு வந்ததை யோசிக்காமல் இன்னொருவர் பெயருக்கு நேரே எழுதுவது மேலதிகாரிக்கு அழகா?

இன்னும் பணியில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அந்த மூன்றாவது உட்பிரிவை எழுதும் முன் எதிரில் இருப்பவரை நினைத்து, “உனக்கு இது அழகா?” என்று தமிழில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்க வாய் வரவில்லையா? அடித்துவிடுங்கள்.