ஊருக்கு அனுப்பிவிட்டோம்

வளைகுடாத் தமிழ்க் குடும்பங்களில் 15 வயதுப் பெண் ஒருத்தி திடீரெனக் கண்ணில் படாமல் போனால், விசாரிப்பவருக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "ஊருக்கு அனுப்பிவிட்டோம்." படிப்பு அங்கே நன்றாக இருக்கிறதாம், பாட்டிக்குத் துணையாம். மூன்று மாதமாக அவள் பள்ளி வாசலிலேயே வாந்தி எடுத்ததை யாரும் சொல்வதில்லை. வெளியேற்றம் என்பதுதான் இதற்குப் பெயர். வைத்தியம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

அவளை அனுப்பச் சொல்லி எந்தச் சட்டமும் கேட்கவில்லை. திருமணமாகாத மகளை வயது வரம்பின்றித் தன் விசாவில் தந்தை வைத்துக்கொள்ளலாம் என்பது அமீரக விதி. கூடுதல் ஆதரவு தேவைப்படும் பிள்ளை என்பதற்காக இடம் மறுக்கக்கூடாது என்கிறது, துபாயின் கல்வி ஆணையமான கே.ஹெச்.டி.ஏ. 2017இல் வெளியிட்ட கொள்கை. அது வகுத்த தேவைகளில் 'சமூக, உணர்வு, மனநல' வகையும் உண்டு. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கேட்கும் அதே உரிமையோடு, பதற்றத்தில் தவிக்கும் பெண்ணுக்குக் குறைந்த பாடவேளையும் அமைதியான ஓர் அறையும் கேட்கலாம். (ஷார்ஜாவில் ஆணையம் வேறு, ஆனால் 2006ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் 29 அங்கும் செல்லும்.)

கேட்பது யார்? கேட்டால் எழுதித் தர வேண்டும், எழுதினால் பதிவாகும், பதிவானால் நாளை வரன் வீட்டார் காதுக்கு எட்டும். இந்தப் பயம் பள்ளிகளுக்கு வசதி. 100 சதவீதத் தேர்ச்சி என்று பலகை வைக்கும் பள்ளிக்கு, தடுமாறும் மாணவி 10ஆம் வகுப்புத் தேர்வுக்கு முன் தானாகவே டி.சி. வாங்கிப் போவதைவிட வேறென்ன வேண்டும்? பள்ளியில் ஆலோசகர் இருக்க வேண்டும் என்பது சி.பி.எஸ்.இ. விதி. அவர் பிள்ளைகளோடு உட்காருகிறாரா, கல்லூரி விண்ணப்பங்களோடு மட்டும் உட்காருகிறாரா என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

ஊரில் காத்திருப்பது பெரும்பாலும் நாமக்கல் பாணி விடுதி: விடியுமுன் ஸ்டடி, ஞாயிறு மட்டும் அம்மாவின் குரல். 2022 ஜூலையில் கள்ளக்குறிச்சி அருகே கனியாமூரில் விடுதியில் தங்கிப் படித்த பிளஸ் டூ மாணவி இறந்தபோது வாட்ஸ்அப்பில் கொதித்தோம். அடுத்த ஜூனில் விடுதி விண்ணப்பம் வாங்கினோம்.

வசதி படைத்த அமெரிக்கரும் 'சிகிச்சைப் பள்ளி' என்ற பெயரில் தொலைதூர விடுதிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்கள்தான். அப்படி யூட்டாவுக்கு அனுப்பப்பட்ட பாரிஸ் ஹில்டன், 2021இல் அம்மாநில சட்டமன்றக் குழுமுன் சாட்சி சொன்னார். கண்காணிப்பை இறுக்கும் சட்டம் அந்த ஆண்டே வந்தது. ஆனால் மாலையில் வீடு திரும்பும் பகல்நேரச் சிகிச்சைப் பள்ளிகளும் அங்கே உண்டு. சிறிய வகுப்பு, ஆசிரியருக்குப் பக்கத்திலேயே உளவியல் சிகிச்சையாளர், தேறியதும் படிப்படியாகப் பழைய பள்ளி. நம் பெண்களுக்கு வேண்டியது அதுதான்.

செலவைச் சொல்வார்கள். நியாயம்தான். ஓர் அமர்வுக்குப் பல நூறு திர்ஹம்; வகுப்பில் கூட உட்காரும் துணையாளருக்குப் பெரும்பாலும் பெற்றோரே சம்பளம் தருகிறார்கள். 4,000 திர்ஹம் வாங்குபவர் எங்கே போவார்? அவர் வந்து நிற்க வேண்டிய இடம் நம் தமிழ் அமைப்புகள். அவையோ பட்டிமன்ற நடுவருக்கும் பின்னணிப் பாடகருக்கும் விமான டிக்கெட் எடுத்துக்கொண்டிருக்கின்றன. தமிழ் பேசும் ஆலோசகருக்கு உரிமம் வேண்டும், நிதி திரட்ட அனுமதி வேண்டும் என்று கைவிரிக்கிறவர்கள், பொங்கல் விழா அரங்குக்கு எத்தனை அலுவலகம் ஏறி இறங்கினார்கள் என்பதை மேடையில் அவர்களே பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம்.