பழைய கார் இன்ஜின் மக்கர் பண்ணுதா? சரி செய்வதா, மாற்றுவதா?



"வண்டி வாங்கி 13 வருஷம் ஆச்சு டாக்டர். இன்ஜின் வேலை இருக்காம், 60 ஆயிரம் ஆகும்னு சொல்றாங்க. வித்தா ஒரு லட்சம்தான் கிடைக்கும். அதுக்குப் போய் 60 ஆயிரம் செலவு பண்றதா? பேசாம புதுசு எடுத்துடலாமா?"

நம்ம மிடில் கிளாஸ் வீடுகளில் அடிக்கடி ஓடும் பட்டிமன்றம் இது. "ஒரு மருத்துவர் எதுக்குக் கார் பத்தி எழுதுறார்?"னு கேட்கலாம். இரண்டு காரணம் இருக்கு.

ஒன்று, தவறான கடனால் காலியாவது பெரும்பாலும் வீட்டின் மருத்துவச் செலவுக்கான சேமிப்புதான். இரண்டு, ஓட்டக்கூடாத வண்டியை ஓட்டினால் அது வந்து நிற்கும் இடம் எங்கள் கேஷுவாலிட்டி வாசல்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிடுறேன். இன்ஜின் கோளாறு என்ற ஒரே காரணத்துக்காக ஓடுற காரை மாற்றாதீர்கள். பாதுகாப்பு போய்விட்டது என்றால் இன்ஜின் நன்றாக இருந்தாலும் அந்தக் காரை வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஏன் என்று விளக்கமாகப் பார்ப்போம்.

1. முதலில் நோய் என்ன என்று கண்டுபிடியுங்கள்

காய்ச்சல் ஒரு அறிகுறி. டைஃபாய்டா, டெங்குவா, சாதாரண வைரஸா என்று தெரியாமல் யாரும் பெரிய சிகிச்சைக்குப் போக மாட்டோம். "இன்ஜின் போச்சு" என்பதும் அப்படித்தான். அது நோயின் பெயர் இல்லை.

வண்டி நடுங்குதா? ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், இன்ஜின் மவுண்ட் என்று சின்னக் காரணங்களே நிறைய இருக்கு. இழுவை இல்லையா? ஏர் ஃபில்டர், ஃப்யூல் ஃபில்டர் அடைப்பாகவும் இருக்கலாம். கிளட்ச் தேய்ந்திருந்தாலும் இன்ஜினுக்கு வலு இல்லாத மாதிரிதான் தெரியும்.

புகையின் நிறத்தைப் பாருங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் எரிபொருள் அதிகமாகப் போகிறது அல்லது காற்று போதவில்லை. காலையில் கொஞ்ச நேரம் வரும் வெள்ளைப் புகை வெறும் நீராவியாக இருக்கலாம். வண்டி சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை, கூலண்ட் குறைந்துகொண்டே போகிறது, டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறத்தில் இருக்கிறது என்றால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படணும்.

2. நம்ம ஊரே ஒரு டெஸ்ட் டிராக்

திருவண்ணாமலையில் பௌர்ணமி அன்று கார் எடுத்தவர்களுக்கு இது புரியும். செங்கம் ரோட்டில் ஏசி போட்டுக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து போகும்போது டெம்பரேச்சர் முள் மேலே ஏறும். அதே வண்டி போளூர் ரோட்டில் 70-ல் போனால் முள் இறங்கிவிடும்.

இது ஏன்? வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். நின்று நின்று போகும்போது ஃபேன் மட்டும்தான் துணை. அதனால் நெரிசலில் மட்டும் ஹீட் ஆனால் முதலில் ரேடியேட்டர் ஃபேன், அதன் ரிலே, கூலண்ட் அளவு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் இதெல்லாம் சில ஆயிரத்தில் முடியும் வேலை.

மாறாக, நெடுஞ்சாலையில் போகும்போதும் ஜமுனாமரத்தூர் மலை ஏறும்போதும் ஹீட் ஆனால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் என்று தேடணும்.

"இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே, வீட்டுக்குப் போயிடலாம்"னு ஓட்டாதீங்க. அந்த ரெண்டு கிலோமீட்டரில் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். சில ஆயிரத்தில் முடிய வேண்டியது பல பத்தாயிரம் ஆகிவிடும். ஓரங்கட்டுங்க, ஏசியை நிறுத்துங்க, இன்ஜினை அணைங்க.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீங்க. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்திலும் நெஞ்சிலும் பீய்ச்சி அடிக்கும். யாருக்காவது அப்படிப் பட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். டூத்பேஸ்ட், இங்க், மாவு எதுவும் தடவாமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

3. மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

"அண்ணே, எந்த டெஸ்ட் பண்ணிப் பார்த்து இதைச் சொல்றீங்க?" ஸ்கேனர் போட்டார்களா? சிலிண்டருக்குச் சிலிண்டர் கம்ப்ரஷன் எவ்வளவு என்று பார்த்தார்களா? ரிங், பிஸ்டன் மாத்தணும் என்று சொல்லும் முன் கம்ப்ரஷன் டெஸ்ட் அவசியம். ஈசிஜி எடுக்காமல் யாராவது ஆஞ்சியோ பண்ணுவார்களா?

"பிரிச்ச பிறகு செலவு எவ்வளவு வரைக்கும் போகலாம்?" குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் எழுதி வாங்குங்கள்.

"கழட்டின பழைய பார்ட்டைக் காட்டுவீங்களா?" நேர்மையான மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார்.

பெரிய செலவு என்றால் இன்னொரு இடத்தில் செகண்ட் ஒப்பீனியன் வாங்குங்கள். அறுவை சிகிச்சைக்கு வாங்குகிறோமே, அதே மாதிரிதான். இரண்டு பேரும் ஒரே நோயைச் சொன்னால் நம்பி இறங்கலாம்.

4. "வண்டி விலையே ஒரு லட்சம்தானே!" - இந்தக் கணக்கு தப்பு

ரிப்பேர் செலவை நாம் காரின் விற்பனை விலையோடு ஒப்பிடுகிறோம். ஒப்பிட வேண்டியது அடுத்த காருக்கு ஆகும் செலவோடு.

6 லட்சம் கடன், 9% வட்டி, 5 வருஷம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 12,455 ரூபாய். மொத்தம் கட்டுவது சுமார் 7 லட்சத்து 47 ஆயிரம். வட்டி மட்டுமே கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம்.

இந்தப் பக்கம் 60 ஆயிரம் ரிப்பேர். செய்த பிறகு வண்டி 3 வருஷம் ஓடினால் மாதத்துக்கு 1,667 ரூபாய்தான். இடையில் டயர், பேட்டரி என்று இன்னொரு 60 ஆயிரம் வைத்தாலும் மாதம் 3,333 தான்.

"புது வண்டி மைலேஜ் தருமே?" தரும். மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், பழையது லிட்டருக்கு 14, புதியது 20 என்று வைப்போம். மிச்சமாவது 13 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்றால் 1,300 ரூபாய். 1,300 ரூபாயை மிச்சம் பிடிக்க 12,455 ரூபாய் கட்டுவோமா?

அதே நேரம் மாதம் 3,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு மிச்சம் 6,400 ரூபாய். வழியில் நின்றால் அவருக்குப் பிழைப்பும் போகும். அவர் மாற்றுவதில் நியாயம் இருக்கு. ஆக, பக்கத்து வீட்டுக்காரர் மாற்றிவிட்டார் என்பதற்காக நாமும் மாற்ற வேண்டியதில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்ததும், விலை இறங்கியதும் உண்மை. ஆனால் தள்ளுபடி என்பதற்காக யாராவது ஆபரேஷன் செய்துகொள்வார்களா? தேவை இருக்கணும்.

5. நான் கவலைப்படும் இடம்

தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர ஆண்டு வருமான வரம்பு 1 லட்சத்து 20 ஆயிரம். கார் வைத்திருக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் அந்த வரம்புக்கு மேலே. தனியாரில் பாலிசியும் எடுத்திருக்க மாட்டார்கள். வாசலில் புது கார் நிற்கும். மாதம் 12 ஆயிரம் தவணை போகும். திடீரென்று அப்பாவுக்கு ஸ்டென்ட் வைக்கணும் என்றால் அம்மாவின் வளையல் அடகுக்குப் போகும்.

கார் கடனில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு விஷயங்களை உறுதி செய்யுங்கள். குடும்பம் முழுவதற்கும் மருத்துவக் காப்பீடு இருக்கா? ஆறு மாதச் செலவுக்குப் பணம் தனியாக இருக்கா? இல்லை என்றால் பழைய காருக்கே வைத்தியம் பாருங்கள்.

"ராத்திரி நெஞ்சு வலின்னா நல்ல வண்டி வேணுமே டாக்டர்?" நெஞ்சு வலிக்கு நீங்கள் கூப்பிட வேண்டியது 108. எவ்வளவு புது காராக இருந்தாலும் அதில் ஆக்சிஜன் கிடையாது. நெஞ்சு வலியோடு தானே ஓட்டிக்கொண்டு வருவது இன்னும் ஆபத்து.

6. எப்போது மாற்றியே ஆகணும்?

அடிச்சட்டம் துருப்பிடித்து உளுத்துவிட்டது, அல்லது பெரிய விபத்தில் வளைந்த வண்டி: மாற்றுங்கள். ரிங் பிஸ்டன் மாற்றலாம், உளுத்துப்போன எலும்புக்கூட்டை நம்ப முடியாது.

முறையாக வேலை பார்த்தும் மறுபடி மறுபடி ஹீட் ஆகி ஹெட் கேஸ்கெட் போகிறது: மாற்றுங்கள்.

பார்ட்ஸ் கிடைக்கவில்லை: மாற்றுங்கள். மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. ஆனால் லட்சக்கணக்கில் ஓடிய வண்டி என்பதால் இன்றும் அதற்குக் கை வைக்கத் தெரிந்த மெக்கானிக் கிடைப்பார். எல்லா மாடலுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லாத வண்டியில் குழந்தைகளோடு வாராவாரம் நெடுஞ்சாலையில் போகிறீர்கள்: மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப், இந்தியாவில் விற்ற ஐந்து பிரபலமான சிறிய கார்களின் ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்களை மோதிப் பார்த்தது. ஐந்துமே பெரியவர்களுக்கான பாதுகாப்பில் பூஜ்ஜியம் ஸ்டார். ஓட்டுநருக்கான ஏர்பேக் நம் நாட்டில் புது கார்களுக்குக் கட்டாயமானதே 2019 ஜூலையில்தான். அதற்கு முந்தைய வண்டி என்றால் உங்கள் வேரியன்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த வண்டியாக இருந்தாலும் பின் சீட்டிலும் பெல்ட் போடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பருக்கு வயசாகும்.

7. கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

பழைய வண்டியில் சைலன்சர் பைப் ஓட்டையாகி இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரலாம். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. காரில் உட்கார்ந்தால் தலைவலி, குமட்டல், இறங்கியதும் சரியாகிறது என்றால் பித்தம் என்று விட்டுவிடாதீர்கள். சைலன்சரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் வெளியூரிலிருந்து வரும் சொந்தங்களுக்கு ஒரு வேண்டுகோள். கண்ணாடியை ஏற்றிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, ஏசி போட்டுக் காரிலேயே தூங்காதீர்கள். தூக்கத்திலேயே உயிர் போகும்.

8. "15 வருஷம் ஆனா உடைச்சிடுவாங்களாமே?"

வாட்ஸப்பில் சுற்றும் பயம் இது. டெல்லி சுற்றுவட்டாரத்தில் 10 ஆண்டு டீசல், 15 ஆண்டு பெட்ரோல் வண்டிகளுக்கு வந்த கட்டுப்பாடு அந்தப் பகுதிக்கானது. தமிழ்நாட்டில் வயசாகிவிட்டது என்பதற்காக மட்டுமே சொந்தக் காரை உடைக்கச் சொல்லும் சட்டம் இல்லை. 15 ஆண்டு முடிந்ததும் ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியைக் காட்டித் தகுதி பார்த்து ஆர்சியைப் புதுப்பிக்கணும். பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை. புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ஆனது. பசுமை வரி தனி. இதையும் ரிப்பேர் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

9. பாசமும் ஒரு கணக்குதான்

1983 டிசம்பரில் இந்திரா காந்தி கையால் முதல் மாருதி 800-ன் சாவியை வாங்கியவர் டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங். 2010-ல் இறக்கும் வரை அந்தக் காரை அவர் விடவில்லை. "அப்பா வாங்கின வண்டி", "இதுலதான் பாப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வந்தோம்" என்று சொல்பவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். பாசத்துக்காக வைத்திருங்கள். ஆனால் பிரேக் பிடிக்காத வண்டியைப் பாசத்துக்காக ரோட்டில் ஓட்டாதீர்கள். எதிரே வருபவருக்கும் ஒரு குடும்பம் இருக்கு.

"போன வருஷம்தான் 40 ஆயிரம் செலவு பண்ணேன், இப்போ எப்படி விக்கிறது?" என்றும் யோசிக்காதீர்கள். அந்தப் பணம் போய்விட்டது. இனி ஆகப்போகும் செலவை மட்டும் பாருங்கள்.

மாதம் இரண்டு முறைதான் கார் எடுக்கிறீர்களா? காரே இல்லாமல் இருப்பதும் ஒரு முடிவுதான். தேவைப்படும்போது வாடகைக்கு எடுங்கள். 2024 மே மாதம் முதல் சென்னைக் கடற்கரையிலிருந்து நம்ம ஊர் வரைக்கும் ரயிலே வருது.

சுருக்கமாக:

நோயைக் கண்டுபிடிக்காமல் முடிவு எடுக்காதீர்கள்.

ரிப்பேர் செலவு, புது காரின் ஓராண்டுத் தவணைக்குள் அடங்கி, மூன்று வருஷம் தாங்கும் என்றால் ரிப்பேர் செய்யுங்கள். இது என் அளவுகோல்.

அடிச்சட்டம், பிரேக், பாதுகாப்பு போய்விட்டால் தயங்காமல் மாற்றுங்கள்.

மருத்துவக் காப்பீடு எடுத்த பிறகே கார் கடன்.

வீட்டில் இதே பட்டிமன்றம் ஓடுகிறது என்றால் இதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து படியுங்கள். பேப்பர் பேனா எடுத்து உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள். ஷோரூம்காரர் போட்டுக் கொடுக்கும் கணக்கில் மருத்துவச் செலவுக்கு ஒரு வரி இருக்காது.



பொது நல மருத்துவர்,
திருவண்ணாமலை