காந்தி பூங்காவில் இரண்டு வகைப் படங்கள்

மண்டூரிலிருந்து மட்டக்களப்பு நகரைச் சுற்றிப் பார்க்கப் புறப்படுபவர்கள் பாதையில் ஏறி வாவியைக் கடந்து, குருமண்வெளியில் இறங்கி பஸ் பிடிக்கிறார்கள். கோட்டை, கல்லடிப் பாலம் என நீளும் அந்த ஒருநாள் பயணத்தில் காந்தி பூங்காவும் இடம்பெறும். 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் வந்திறங்கியதை நினைவூட்டும் மட்டக்களப்பு வாயில் அங்கேதான் உள்ளது. பிள்ளைகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இதே பூங்காவின் முன்னால்தான் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரும் படங்களை ஏந்தி நிற்கிறார்கள். 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேர் இராணுவத்தினரால் கொண்டுசெல்லப்பட்டனர். அந்த ஆண்டிலிருந்தே தேடி அலையும் குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் உள்ளன. காணாமல் போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் நிறைவேறியது. ஆனால் அவர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை.

சுற்றுலாவால் படகோட்டிக்கும் கடைக்காரருக்கும் வருமானம் உண்டு. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பூங்காவை அழகுபடுத்தத் திட்டமிடுவோர், அந்தத் தாய்மார் நிற்கும் இடத்தையும் அதன் வரலாறாகவே கணக்கில் எடுக்க வேண்டும். பிள்ளைகளை அழைத்துச் செல்லும் நாமும் 1814ஐச் சொல்லும்போது 1990ஐயும் சேர்த்தே சொல்ல வேண்டும்.