சுவரில் பூட்டியது யாருக்குச் சொந்தம்?



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் மஃரிப் தொழுதுவிட்டு வீடு திரும்பியபோது விறாந்தையில் இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். ஒருவர் வீட்டுக்காரி. மற்றவர் நான்கு வருடமாக அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தவர். வாடகைக்கு இருந்தவரின் சாமான்கள் பாதி லொறியில், பாதி முற்றத்தில். சண்டை நான்கு பொருள்களைப் பற்றியது. கிணற்றடி மோட்டர், அதற்கென்று கல்லால் கட்டிய தூணும் மேலே வைத்த தண்ணீர்த் தாங்கியும், குசினிச் சுவரில் அடித்த அலுமாரி, ஜன்னல்களுக்குப் பூட்டிய இரும்புக் கிறில்.

“என்ட மாப்பிள வெளிநாட்டுல உழைச்ச காசு மௌலவி” என்றார் ஒருவர்.

“என்ட சுவத்துல பூட்டினது எனக்குத்தானே?” என்றார் மற்றவர். முற்பணத்தையும் அவர் பிடித்து வைத்திருந்தார்.

ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒரே ஒரு தாள். வாடகை எவ்வளவு, முற்பணம் எவ்வளவு, எந்தத் திகதியில் வீட்டை விட வேண்டும் என்று மூன்று விடயங்கள் மட்டுமே இருந்தன. போகும்போது எதைக் கழற்றலாம், எதை விட்டுச் செல்ல வேண்டும் என்று ஒரு சொல்லும் இல்லை. கையெழுத்து வைத்தவர்கள் இரண்டு கணவன்மார். ஆனால் வழக்குப் பேச வந்தவர்களோ பெண்கள்!

நமது அம்பாறைக் கரையோர ஊர்களில் வீடு பெண் பிள்ளைக்கென்று கட்டப்பட்டு, பெரும்பாலும் அவள் பேரிலேயே எழுதப்படுகிறது. (பெற்றோரின் முதுகை முறிக்கும் அந்த வழக்கத்தைப் பற்றி இன்னொரு மாதம் பேசுவோம்.) வாடகைக்குக் கொடுக்கும்போது மட்டும் வீட்டுக்குரியவள் தாளை வாசிப்பதே இல்லை. சகோதரியே, உறுதி உங்கள் பேரில் இருந்தால் ஒப்பந்தத்தை வாசித்து, சம்மதித்து, கையொப்பமிட வேண்டியவர் நீங்கள்தான்.

இதெல்லாம் மார்க்கத்தில் பேசப்படும் விடயமா என்று சிலர் கேட்பார்கள். ஹிஜ்ரி 676 இல் வபாத்தான இமாம் நவவி (றஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ நூலைப் பாருங்கள். நம் மத்ஹபில் ஓதிக்கொடுக்கப்படும் கிதாபு அது. வீடு விற்றால் அதனுடன் எவை சேரும், எவை சேரா என்று அங்கே விபரமாக வருகிறது. வாளி, கப்பி, கட்டில் போன்றவை நகரும் பொருள்கள், விற்றவருக்கே உரியவை. பொருத்திய கதவுகளும், ஆணி அடித்து இறுக்கிய இறாக்கையும் ஏணியும் வீட்டோடு போகும். திரிகையின் நிலத்தில் பதித்த அடிக்கல் வீட்டோடு சேர்ந்தது. மேற்கல்லைப் பற்றி இமாம்களுக்கிடையே கருத்து வேறுபாடு, அதுவும் சேரும் என்பதே வலுவான சொல். பதித்த பூட்டின் சாவியைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை! அன்றைய கப்பிக்கும் வாளிக்கும் பதிலாக இன்று மோட்டரும் குழாயும்.

அது விற்பனைச் சட்டம். வாடகையிலும் இரவலிலும் கேள்வி வேறு. அடுத்தவர் நிலத்தில் அவருடைய அனுமதியுடன் ஒருவர் கட்டினால், ‘போகும்போது கழற்ற வேண்டும்’ என்று ஷர்த்து இட்டிருந்தால் அந்த ஷர்த்துப்படியே நடக்க வேண்டும். ஷர்த்து இல்லையா? சொந்தக்காரர் சும்மா இடித்துத் தள்ள முடியாது, சும்மா எடுத்துக்கொள்ளவும் முடியாது. விலை கொடுத்துத் தனதாக்கலாம். கழற்றச் சொல்லி அதனால் குறையும் பெறுமதியை ஈடு செய்யலாம். வாடகை பேசி அப்படியே விட்டு வைக்கலாம். அனுமதி கேளாமல் கட்டியிருந்தால் கணக்கு வேறு. கழற்றிச் சரிசெய்து கொடுப்பது கட்டியவர் பொறுப்பு.

2004 டிசம்பர் 26 இன் கடற்கோளுக்குப் பின் கரையிலிருந்து உள்ளே வந்து உறவினர் வளவில் ஓர் அறை, ஒரு கொட்டில் போட்டவர்களுக்கும் இதுவே சட்டம். அந்த நேரத்தில் யார் எழுத்துக் கேட்பார்? பின்னர் சொந்த வீடு கிடைத்துப் போகும்போது ஓட்டையும் மரத்தையும் கழற்றுவதா விடுவதா என்று மனக்கசப்பாகிப் பேச்சு நின்றுபோன குடும்பங்கள் உண்டு.

ஷர்த்து இடுவது நம்பிக்கையீனம் அல்ல. ஜாபிர் (ரழி) அவர்கள் பயணத்தில் தம் ஒட்டகத்தை நபி (ஸல்) அவர்களுக்கு விற்றபோது, மதீனா சேரும் வரை தானே ஏறி வருவதாக ஷர்த்து வைத்தார்கள். நபியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அல்லாஹ்வின் தூதரிடமே பேசி வைக்கலாமென்றால் மச்சியிடம் பேசி வைப்பதற்கு என்ன வெட்கம்? (மதீனாவில் விலையையும் கொடுத்து ஒட்டகத்தையும் அவரிடமே கொடுத்துவிட்டார்கள். அது அவர்களின் தாராளம்.)

ஆகவே வாடகைத் தாளில் இன்னும் சில வரிகள் எழுதுங்கள். வீட்டோடு கொடுக்கும் மின்விசிறி எத்தனை, பைப் எத்தனை. புதிதாக எதையும் பூட்ட யாரிடம் சம்மதம் பெறுவது. போகும்போது எதைக் கழற்றலாம், சுவர்த் துளையை யார் அடைப்பது. கழற்ற முடியாததை யார் விலை மதிப்பது. முற்பணம் எத்தனை நாளில் திரும்பும். போன் எல்லார் கையிலும் இருக்கிறது, கேற் முதல் குசினி வரை படம் பிடித்து வையுங்கள். இன்னொன்று: 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். கடையில் வாங்கிய தாளில் தாமே எழுதிக்கொள்வது சட்டத்தின் முன் நிற்காது.

போனவர் விட்டுச் சென்ற பொருளையும் சொல்ல வேண்டும். அது உங்களுடையதாகிவிடாது, அமானிதம். அறிவிக்காமல் விற்காதீர்கள்.

அன்றிரவு இருவரையும் உட்கார வைத்து இதைத்தான் சொன்னேன். தூண் கட்டவும் கிறில் பூட்டவும் தான் சம்மதித்தது உண்மை என்று வீட்டுக்காரி ஒப்புக்கொண்டார். மோட்டரும் தாங்கியும் லொறியில் ஏறின. அலுமாரியைக் கழற்றி, துளைகளைச் சீமெந்து பூசி அடைக்கும் செலவை வாடகைக்கு இருந்தவர் ஏற்றார். தூணுக்கும் கிறிலுக்கும் மறுநாள் காலை ஒரு மேசன் வந்து விலை சொன்னார். வீட்டுக்காரி அந்தத் தொகையை முற்பணத்துடன் சேர்த்துக் கொடுத்தார். அஸருக்குப் பிறகு லொறி புறப்பட்டது.