கிறீஸ் எண்டால் எல்லாம் ஒன்றல்ல

வின்ரர் ரயரைக் கழற்றிவிட்டு மற்ற ரயரைப் போடுவதற்காக மகனின் காரைத் தூக்கியபோதுதான் அதைக் கண்டேன். முன் இடது சில்லின் உள்பக்க பிறேக் பாட் இரும்பு தெரியுமளவுக்குத் தேய்ந்திருந்தது. வெளிப்பக்கப் பாட் பாதிக்கு மேல் மிச்சம். கலிப்பரைக் கையால் தள்ளினேன், அசையவில்லை. பின்னைக் கஷ்டப்பட்டு இழுத்தெடுத்தால், அதன் நுனியில் இருந்த றப்பர் ஊதிப் போய் இறுகிக் கிடந்தது.

குற்றவாளி நான்தான். முந்தின வருஷம் பாட் மாற்றினபோது கராஜில் கிடந்த சாதாரண கிறீஸை எடுத்துப் பூசினேன். "அப்பா, இது பிறேக்குக்குப் போடுற கிறீஸா?" என்று மகன் கேட்டான். "கிறீஸ் எண்டால் கிறீஸ்தான்" என்றேன். அந்தக் காரில்தான் அவன் ஒவ்வொரு நாளும் 401 நெடுஞ்சாலையில் வேலைக்குப் போய் வருகிறான்.

ஊரில் சைக்கிளுக்கும் தண்ணி இறைக்கிற மிசினுக்கும் ஒரே டப்பா கிறீஸ்தான். அந்தப் பழக்கத்தை இங்கே பிறேக்குக்குக் கொண்டுவரக் கூடாது.

பெரும்பாலான கார்களில் பிஸ்டன் உள்பக்கத்தில் மட்டுமே இருக்கும். அது உள்பாட்டைத் தள்ள, கலிப்பர் இரண்டு பின்களின் மேல் வழுக்கி வந்து வெளிப்பாட்டையும் அழுத்த வேண்டும். பின் இறுகினால் உள்பாட் தனியே மாரடிக்கும். பெற்றோலியக் கிறீஸ் பட்டால் பின்னில் இருக்கிற றப்பர் ஊதிவிடும். அதனால் பின்களுக்கு, பிறேக்குக்கென்றே விற்கிற சிலிக்கோன் கிறீஸ் வேண்டும். பாட்டின் காதுகள் உட்காரும் இடத்தில் சூடு அதிகம். அங்கே உயர் வெப்பம் தாங்கும் செறாமிக் பிறேக் கிறீஸை மெல்லிசாகத் தடவினால் போதும். பாட்டின் உராயும் முகத்திலோ றோட்டரிலோ ஒரு துளியும் படக்கூடாது. துருவுக்கு அடிக்கிற ஸ்பிறே இந்த வேலைக்கு உதவாது. உங்கள் காரின் கைநூல் வேறு ஏதாவது சொன்னால், அதையே கேளுங்கள்.

கராஜ்காரர் "பிறேக்கைக் கழற்றித் துப்பரவாக்கி கிறீஸ் போடவேணும்" என்று சொன்னால், காசு பிடுங்கப் பார்க்கிறார் என்று எங்கட ஆக்கள் பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்புக் கொட்டுகிற நாடு இது. உப்புத் தண்ணி இடுக்கெல்லாம் புகுந்து துருவாக்கும். இங்கே வருஷத்துக்கு ஒருமுறை அந்த வேலை செய்வது வீண்செலவில்லை.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு காசு கொடுக்கவும் சொல்லவில்லை. "எவ்வளவு குறைப்பீங்கள்?" என்பதுதான் நாங்கள் வழக்கமாகக் கேட்கிற முதல் கேள்வி. அதோடு இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்: "பின்னைக் கழற்றிப் பார்த்தீங்களா? அதுக்கு என்ன கிறீஸ் போடுறீங்கள்?" வேலையை ஒழுங்காகச் செய்கிறவர் சந்தோஷமாகக் காட்டுவார். மழுப்புகிறவரிடம் இன்னொருமுறை போகாதீர்கள்.

நான் மிச்சம் பிடித்தது ஒரு சின்னப் பக்கற் கிறீஸின் காசு. கடைசியில் பாட், பின், றோட்டர் மூன்றையும் மாற்ற வேண்டி வந்தது. அதோடு போனதே என்று ஆறுதல்படுகிறேன். பிள்ளை கேட்ட கேள்விக்கு அன்றைக்கே காது கொடுத்திருந்தால், இந்த ஆறுதலே தேவைப்பட்டிருக்காது.