கண்ணீரும் ஒரு செபமே

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர் ஒருவர்)

"விசுவாசம் உள்ளவர்கள் அழலாமா? கண்ணைத் துடையுங்கள்!" என்று துக்க வீட்டில் ஆறுதல் சொல்வோரை நாம் பார்த்திருக்கிறோம். நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆயினும் அது கிறிஸ்தவ ஆறுதல் அன்று என்பதே என் தாழ்மையான கருத்து.

நான் குமரி மாவட்டக் கடற்கரையில் பிறந்தவன். என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நானே. 2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் வீசியபோது ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். சில நாட்களுக்கு முன்பே ஆழ்கடல் தொழிலுக்குப் போன என் சித்தப்பா திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அந்த நாட்களில் ஊரே கோவில் முற்றத்தில் காத்துக் கிடந்தது. அப்போது ஒருவர் என் சித்தியிடம், "நீ உறுதியாகச் செபித்தால் அவன் கட்டாயம் வருவான்" என்றார். சித்தப்பா வரவில்லை. கணவரை இழந்த துயரத்தோடு, 'என் செபம்தான் போதவில்லையோ' என்ற எண்ணத்தையும் சித்தி சேர்த்துச் சுமந்தார். ஆறுதலாக வந்த சொல்லே இன்னொரு பாரமாகிவிட்டது.

வேதாகமமோ வேறு வழி காட்டுகிறது. யோபுவைத் தேற்ற வந்த நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். அதுவே அவர்கள் செய்த நல்ல காரியம். பிறகு வாய் திறந்து அவர் துன்பத்திற்குக் காரணம் கற்பித்தார்கள். நூலின் இறுதியில் கடவுளின் சினம் அந்த நண்பர்கள் மீதே மூண்டது. 150 திருப்பாடல்களுள் பல, துயருற்றவரின் முறையீடுகளே. இலாசரை உயிர்ப்பிக்கப் போகிறவரான இயேசுவே அவர் கல்லறையருகே அழுதார். சிலுவையில் அவர் கதறியதும் 22ஆம் திருப்பாடலின் தொடக்கமே. அழுகை அவிசுவாசம் என்றால் இவற்றையெல்லாம் என்னென்பது?

வகுப்பு நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு: "கடலை அடக்கியவர் என்கிறீர்களே, அன்று ஏன் அடக்கவில்லை?" உண்மையைச் சொன்னால், எனக்கு விடை தெரியாது. ஆனால் புயல் உருவாவதற்கு வெப்பமான கடல்நீரும், மேலெழும் ஈரக்காற்றும், தாழ்வழுத்தமும், புவியின் சுழற்சியும் காரணம் என்பதை இங்கே படித்தேன். யாருடைய செபக் குறைவும் அந்தப் பட்டியலில் இல்லை! விடுமுறையில் இதைச் சித்தியிடம் விளக்கினேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் என் மேல் குற்றம் இல்லையா, மக்களே?" என்று கேட்டார். நான் கற்ற கல்வியின் பயனை அன்றுதான் உணர்ந்தேன்.

எனினும் அறிவியல் சித்தியோடு இரவில் துணையிருக்கவில்லை. துணையிருந்தவர்கள் அன்பியத்துப் பெண்கள். மாதக்கணக்கில் மாலைதோறும் வந்து செபமாலை சொன்னார்கள். கஞ்சி கொண்டு வந்தார்கள். சித்தி அழுதால் கூடவே அழுதார்கள். யாரும் காரணம் சொல்லவில்லை. விசுவாசம் தரும் ஆறுதல் என்று நான் கண்டது இதைத்தான்.

மதம் மக்களை மயக்கி உறங்க வைக்கும் என்பாரும் உளர். ஆனால் 2017 டிசம்பர் 7ஆம் நாள், காணாமற்போனவர்களைத் தேடித் தரக் கோரி ஆயிரக்கணக்கான கடற்கரை மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். பங்குத்தந்தையரும் உடன் இருந்தனர். முந்தின இரவு செபமாலை உருட்டிய கைகளே மறுநாள் உரிமை கேட்டு உயர்ந்தன. உண்மையான ஆறுதல் மனிதனை உறங்க வைப்பதில்லை. எழுந்து நிற்க வைக்கிறது.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். எல்லோரும் தங்கள் உறவினர் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். சித்திக்கோ ஏற்றுவதற்குக் கல்லறை இல்லை. கடற்கரை மணலில் ஏற்றி வைத்து அழுகிறார். இப்போது யாரும் "அழாதே" என்று சொல்வதில்லை.

மாணவ நண்பர்களே! எந்த மதத்தவர் ஆயினும், துக்க வீட்டிற்குச் செல்லும்போது கடவுளுக்காக வாதாட வேண்டாம்; காரணம் தேடவும் வேண்டாம். அருகில் சற்று நேரம் உட்காருங்கள். அது போதும்.