கர்ப்பத்தில் உள்ளங்கை அரிப்பா? உப்புத் தண்ணீர் மேல் பழி போடாதீங்க!

பழவேற்காடு ஏரியில் இறங்கி, கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்குக் கை கால் அரிப்பு புதுசு இல்லை. திருப்பாலைவனம் பக்கம் அரிப்புன்னு சொன்னா, "உப்புத் தண்ணி, சேறு... அப்படித்தான் இருக்கும்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். ஆனால், சொல்பவர் ஏழு, எட்டு மாதக் கர்ப்பிணி என்றால் அந்தப் பதில் போதாது.

என்ன பிரச்னை?

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் சிலருக்குக் கல்லீரலில் இருந்து பித்தம் சரியாக வெளியேறாது. பித்த அமிலம் ரத்தத்தில் சேரும். தடிப்பே இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கும். ராத்திரி தூங்க விடாது. இதுதான் கர்ப்பகாலப் பித்தத் தேக்கம். பிரசவத்துக்குப் பிறகு அம்மாவுக்குச் சரியாகிவிடும். ஆபத்து, வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு.

எந்த டெஸ்ட் முக்கியம்?

பித்த அமில அளவு. லிட்டருக்கு 19 மைக்ரோமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும். 100-ஐத் தொட்டால் சிக்கல். அந்த அளவில் 100 பேரில் சுமார் 3 பேருக்குக் குழந்தை வயிற்றிலேயே இறக்கிறது என்கிறது 2019-ல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு. 40-க்குக் கீழே இருந்தால் அந்த ஆபத்து மற்ற கர்ப்பிணிகளுக்கு இருக்கும் அளவுதான். பிரசவத்தை முன்கூட்டியே வைக்கணுமா, காத்திருக்கலாமா என்பதை டாக்டர் முடிவு செய்ய இந்த ஒரு எண் ரொம்ப உதவும்.

கூடவே எஸ்.ஜி.பி.டி, பிலிருபின் பார்ப்பார்கள். ரிப்போர்ட்டில் ஏ.எல்.பி மட்டும் அதிகமா இருந்தா பயப்பட வேண்டாம். நஞ்சுக்கொடியும் அதைச் சுரக்கும். முதல் டெஸ்ட் நார்மல், ஆனால் அரிப்பு நிற்கவில்லையா? மறுபடி எடுக்கணும். அரிப்பு முதலில் வந்து, ரத்தத்தில் மாற்றம் பிறகு தெரிவதும் உண்டு.

மேல் வயிற்று வலி, வாந்தி, கடும் தலைவலி, கண் மங்கல் வந்தால் கதை வேறு. தட்டணுக்கள் குறைந்து கல்லீரல் என்சைம்கள் ஏறும் 'ஹெல்ப்' நோயாக இருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்க.

என்ன செய்யணும்?

கர்ப்பிணிகளுக்கு வரும் அரிப்பெல்லாம் இந்த நோய் இல்லை. அதைப் பிரித்துச் சொல்லத்தான் ரத்தப் பரிசோதனை. ஆனால், பித்த அமில டெஸ்ட் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வழக்கமாகச் செய்வது இல்லை. அதற்காக நிறைமாதப் பெண் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பொன்னேரி, சென்னை என்று பஸ் ஏற வேண்டுமா? போக வேண்டியது ரத்த மாதிரி, அவர் இல்லை. அரிப்பு என்று சொன்ன அன்றே மாதிரி எடுத்து, பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவைச் செவிலியரின் போனுக்கே அனுப்பும் ஏற்பாட்டை அரசு செய்ய வேண்டும்.

ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்குச் சிறப்புப் பரிசோதனை நடக்கிறது. "உள்ளங்கை அரிக்குதாம்மா?" என்ற ஒரு கேள்வியை அங்கே எல்லோரிடமும் கேட்கலாம். அரிப்பு இருப்பவர்கள் மட்டும் 9-ம் தேதி வரை காத்திருக்காதீங்க.